செப்சிஸ் ஆய்வில் விலங்குகள்: வாசகர் கேள்வி – பதில்

செப்சிஸையும் அது உறுப்புகளைப் பாதிக்கும் விதத்தையும் விலங்குகளை வைத்து ஆராய்வது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்குச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறோம்.

கே: செப்சிஸ் என்பது ஐ.சி.யூ.வில் கிடக்கும் நோயாளிக்கு வருவது. அதை ஒரு சுண்டெலிக்கு எப்படி வரவழைக்கிறார்கள்? கிருமியை ஊசியில் ஏற்றினால் வந்துவிடுமா?

ப: ஊசியில் ஏற்றினால் சுண்டெலி நோய்வாய்ப்படும், அது செப்சிஸ்தானா என்பது வேறு கேள்வி. 2016-இல் வகுக்கப்பட்ட வரையறைப்படி, தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறிப் போய், அதனால் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு உறுப்புகள் செயலிழப்பதே செப்சிஸ். தொற்றும் வேண்டும், உறுப்புப் பாதிப்பும் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த பாக்டீரியாவைக் கோடிக்கணக்கில் ஒரே நொடியில் ரத்தத்தில் செலுத்தினால், உடல் அதைச் சில மணி நேரத்தில் துடைத்துவிடும். இல்லையென்றால் விலங்கு அதற்குள் இறந்துவிடும். ஓரிடத்தில் தொற்று பிடித்து, வளர்ந்து, பரவும் அந்த இடைக்காலம் கிடைக்காது. ஆராய வேண்டியதே அந்த இடைக்காலம்தான்.

அதனால்தான் குடலில் ஓட்டை போடும் முறை பரவியது. சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில் சீக்கம் என்ற பை இருக்கிறது. அதன் ஒரு பகுதியை நூலால் கட்டி, ஊசியால் துளைத்து, வயிற்றை மூடிவிடுவார்கள். மலம் கசிந்து வயிற்றறை முழுதும் தொற்று பரவும். 1980-இல் விவரிக்கப்பட்ட இந்த முறையைச் சி.எல்.பி. என்பார்கள். இதில் கட்டுப்பட்ட திசு அழுகுவதும் சேர்ந்துகொள்ளும். அது வேண்டாம் என்றால் ஏறு பெருங்குடலில் சிறு குழாய் ஒன்றைத் தைத்து, அதன் வழியே மலம் தொடர்ந்து கசியும்படி செய்யலாம். குழாய் எவ்வளவு தடிமனோ நோய் அவ்வளவு கடுமை. பிறந்து 5 முதல் 7 நாளான குட்டிகளில் சீக்கம் மிகச் சிறியது, கட்ட முடியாது. அவற்றுக்கு வளர்ந்த சுண்டெலியின் சீக்கத்திலிருந்து எடுத்த கரைசலை எடைக்கு ஏற்ப வயிற்றில் செலுத்துகிறார்கள். இந்தக் கரைசலை 15 சதவீத கிளிசராலில் கலந்து மைனஸ் 80 டிகிரியில் வைத்தால் மாதக்கணக்கில் ஒரே சரக்கைப் பயன்படுத்தலாம். பெரிய வசதி இது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். மனிதர்களில் செப்சிஸ் மிக அதிகமாகத் தொடங்குவது நுரையீரல் தொற்றிலிருந்து. ஆய்வுக்கூடங்களோ பெரும்பாலும் வயிற்றையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. மூச்சுக்குழாய் வழியே கிளெப்சியெல்லா, நியூமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களைச் செலுத்தி நிமோனியா வழியாக வரும் செப்சிஸை உண்டாக்கும் முறை இன்னும் கூடுதல் கவனத்துக்கு உரியது.

கே: சி.எல்.பி. செய்கிறேன். ஒரு வாரம் 10 சுண்டெலியில் 9 இறக்கின்றன, அடுத்த வாரம் 2 மட்டுமே. அறுவை செய்வது நான் ஒருத்திதான், ஊசியும் அதே கேஜ்தான். எங்கே பிசகுகிறது?

ப: ஊசியின் தடிமனைக் குறிக்கும் கேஜைவிடக் கட்டின் இடம் முக்கியம். நோயின் கடுமையை முதலில் தீர்மானிப்பது, சீக்கத்தின் நுனியிலிருந்து எவ்வளவு நீளம் கட்டுக்குள் வருகிறது என்பதே. ஊசியின் தடிமனும் துளைகளின் எண்ணிக்கையும் அதற்கு அடுத்தவை. கண்ணளவில் பாதி என்று கட்டினால், சீக்கம் நிரம்பியிருக்கும் நாளில் அது ஓர் அளவு, காலியாக இருக்கும் நாளில் வேறோர் அளவு. ஒவ்வொரு விலங்கிலும் மில்லிமீட்டர் அளவுகோலை வைத்து மொத்த நீளத்தையும் கட்டிய நீளத்தையும் குறித்து வையுங்கள். நடுத்தரக் கடுமை வேண்டுமென்றால் பாதி, மிகக் கடுமைக்கு முக்கால் பங்கு.

வரிசையாகச் சொன்னால்: ஐசோஃப்ளூரேன் 3 முதல் 4 சதவீதத்தில் மயக்கி, 1.5 முதல் 2 சதவீதத்தில் நிறுத்துங்கள். அடியில் சூடு கொடுக்கும் தட்டு கட்டாயம் வேண்டும். வயிற்றின் நடுக்கோட்டில், தசையில் படாமல், இரு பக்கத் தசைகளும் சேரும் வெள்ளைக் கோட்டின் மேலேயே 1 முதல் 1.5 செ.மீ. வெட்டு. தசை அறுபட்டால் ரத்தம் கசிந்து, அதுவே இன்னொரு காரணியாகிவிடும். சீக்கத்தை மட்டும் முனை மழுங்கிய இடுக்கியால் வெளியே எடுங்கள். சிறுகுடல் உள்ளேயே இருக்கட்டும். உள்ளிருக்கும் மலத்தை நுனிப்பக்கம் மெல்லத் தள்ளிவிட்டுக் கட்டுங்கள். கட்டுக்கும் நுனிக்கும் நடுவில், ரத்தக் குழாய்களைத் தவிர்த்து, ஊசியை ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் வெளியே எடுங்கள். வழக்கத்தில் உள்ளவை 18 முதல் 22 கேஜ் வரை. இரு துளைகளிலிருந்தும் துளியளவு மலம் வரும்படி அழுத்திவிட்டு உள்ளே வைத்து, இரண்டு அடுக்காகத் தையுங்கள். முடிந்ததும் 37 டிகிரிக்குச் சூடேற்றிய உப்புநீர் 1 மி.லி. தோலுக்கடியில். போலி அறுவைக் குழுவுக்கும் இதெல்லாம் உண்டு. கட்டும் துளையும் மட்டும் கிடையாது.

பிசகும் இடங்கள் இவை. கட்டு மேலே போய்ச் சிறுகுடல் சேரும் வாயை நெரித்துவிட்டால் விலங்கு குடல் அடைப்பால் இறக்கும், செப்சிஸால் அல்ல. இறந்த பிறகு திறந்து பார்த்தால் சிறுகுடல் உப்பிக்கிடக்கும். கட்டு தளர்ந்திருந்தால், அல்லது கொழுப்புத் திரை துளையை மூடிச் சீழ்க்கட்டி ஆக்கிவிட்டால், விலங்கு சாதாரணமாகப் பிழைத்துக்கொள்ளும். அதனால் இறந்தது, பிழைத்தது என்ற வேறுபாடு பார்க்காமல் ஒவ்வொன்றின் வயிற்றையும் திறந்து எழுதி வையுங்கள். எந்த நிலையில் ஒரு விலங்கைக் கணக்கிலிருந்து நீக்குவீர்கள் என்பதைச் சோதனைக்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும். முடிவைப் பார்த்துவிட்டு நீக்கினால் அந்த ஆய்வே கெட்டது.

துளைத் துளியை அழுத்தும் விசை, மழுங்கிப்போன ஊசி, மலம் இறுகியிருக்கும் நாள், இளகியிருக்கும் நாள் ஆகிய எல்லாம் கணக்கில் வரும். நேரமும் வரும். சுண்டெலி எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சுக்குப் பலியாவது நாளின் எந்த வேளை என்பதைப் பொறுத்து மாறுகிறது என்று 1960-லேயே ஹால்பெர்க் குழு காட்டியது. காலையில் முதல் குழு, மதியம் இரண்டாம் குழு என்று செய்யாதீர்கள். ஒவ்வொரு நாளும் ஒரே வேளையில், எல்லாக் குழுக்களையும் சீட்டுக் குலுக்கிக் கலந்து செய்யுங்கள். விலங்கு வாங்கும் இடம் மாறினால் குடலில் வாழும் பாக்டீரியாவும் மாறும். இந்த முறையில் கிருமி வருவதே அந்தக் குடலிலிருந்துதான் என்பதை மறக்க வேண்டாம். புதிதாக வந்தவற்றைக் குறைந்தது ஒரு வாரமாவது பழகவிடுங்கள்.

கே: இவ்வளவு தொல்லை எதற்கு? எல்.பி.எஸ். ஊசி போட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி முடிவு வருகிறதே.

ப: ஒரே மாதிரி வருகிறது என்பது உண்மை. எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். எல்.பி.எஸ். என்பது கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சுவரில் உள்ள நச்சு; எண்டோடாக்சின் என்பதும் இதுவே. அதில் உயிருள்ள கிருமி இல்லை, தொற்று இல்லை. கொடுத்தவுடன் அழற்சி எகிறி, சில மணி நேரத்தில் வடிந்துவிடும். மனிதத் தன்னார்வலருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 4 நானோகிராம் கொடுத்தாலே காய்ச்சலும் நடுக்கமும் வரும். சுண்டெலியைக் கொல்லக் கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில் வேண்டும். ஒரு மில்லிகிராம் என்பது பத்து லட்சம் நானோகிராம். இவ்வளவு தூரத்தில் நிற்கும் இரண்டு உடல்களை நேரடியாக ஒப்பிட முடியாது.

இதற்கு விலை கொடுத்த வரலாறும் உண்டு. டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தை முன்கூட்டியே தடுத்தால் எல்.பி.எஸ். கொடுத்த சுண்டெலி பிழைக்கிறது என்று 1985-இலும், உயிருள்ள ஈ. கோலை பாக்டீரியா செலுத்திய பபூன் குரங்கு பிழைக்கிறது என்று 1987-இலும் காட்டினார்கள். இரண்டிலும் மருந்து நோய்க்கு முன்பே உடலில் இருந்தது. சி.எல்.பி. செய்த சுண்டெலியில் அதே உத்தி பலிக்கவில்லை. மனிதர்களில் நடந்த பெரிய சோதனைகளும் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. நோயாளி மருத்துவமனைக்கு வருவது நோய் முற்றிய பிறகு. உங்கள் மருந்தையும் உறுப்புப் பாதிப்பின் அறிகுறிகள் தெரிந்த பிறகு கொடுத்துப் பாருங்கள். முன்பே கொடுத்துக் கிடைத்த வெற்றி சிகிச்சைக்குச் சான்றாகாது.

எல்.பி.எஸ்.ஸுக்கு வேலை இல்லை என்று சொல்லவில்லை. ஒரு குறிப்பிட்ட ஏற்பி வழியாகச் சமிக்ஞை எப்படிப் போகிறது என்று பார்க்க அதைவிடத் தெளிவான கருவி இல்லை. அப்படிப் பயன்படுத்தும்போது எந்த செரோடைப் (பாக்டீரியாவின் உள்வகை), எந்த லாட் எண் (தயாரிப்புத் தொகுதி) என்பதை எழுதுங்கள். ஒவ்வொரு லாட்டின் வீரியமும் வேறு. லாட் மாறினால் அளவை மறுபடி தேடித்தான் பிடிக்க வேண்டும். கரைசல் குழாயின் சுவரில் ஒட்டும், திரளும். ஊசியில் எடுப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் நன்றாகக் கலக்க வேண்டும். கட்டுரைக்கு எண்டோடாக்சீமியா என்று தலைப்பிடுங்கள், செப்சிஸ் என்று வேண்டாம்.

கே: ஆன்டிபயாடிக், வலிமருந்து கொடுத்தால் நோயின் இயல்பான போக்கே மாறிவிடாதா? எங்கள் கூடத்தில் கொடுப்பதில்லை.

ப: மாறும். மாறத்தான் வேண்டும். உலகில் எந்த ஐ.சி.யூ.விலும் ஆன்டிபயாடிக்கும் திரவமும் இல்லாமல் செப்சிஸ் நோயாளியை வைத்திருப்பதில்லை. சிகிச்சை இல்லாத விலங்கில் பலன் தந்த மருந்து, சிகிச்சை பெறும் மனிதரில் கூடுதலாக என்ன தரும் என்பதை அந்தச் சோதனையால் சொல்லவே முடியாது. 2017-இல் வியன்னாவில் கூடிய வல்லுநர்கள் செப்சிஸ் விலங்காய்வுக்குக் குறைந்தபட்சத் தர வரையறை ஒன்றை உருவாக்கினார்கள். அது அடுத்த ஆண்டு வெளியானது. கிருமி எதிர்ப்பு மருந்து, திரவம், வலிநீக்கம், துன்பத்தை முன்கூட்டி முடிக்கும் விதி ஆகியவை எல்லாம் அதில் உண்டு.

நடைமுறையில் வலிக்குப் புப்ரெனார்ஃபின் கிலோவுக்கு 0.05 முதல் 0.1 மி.கி., 8 முதல் 12 மணிக்கு ஒருமுறை தோலுக்கடியில். முதல் ஊசி வெட்டுக்கு முன்பே போடப்பட வேண்டும். மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் போன்ற அழற்சி அடக்கும் வலிமருந்துகளைத் தவிருங்கள். ரத்த ஓட்டம் குறைந்திருக்கும் நேரத்தில் அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும், அழற்சியையும் நேரடியாக மாற்றும். வலியே அட்ரினலினையும் கார்ட்டிகோஸ்டீரானையும் கூட்டி எதிர்ப்பாற்றலைத் திருப்பிவிடும். ஆகவே வலிமருந்து தராமல் விட்டால் சோதனை தூய்மையாகிறது என்ற எண்ணம் சரியல்ல. விலங்குக்கு வலியும் மிச்சம், முடிவில் குழப்பமும் மிச்சம்.

ஆன்டிபயாடிக்காக இமிபெனம் கிலோவுக்கு 25 மி.கி., 12 மணிக்கு ஒருமுறை என்பது பரவலான வழக்கம். அதோடு சேர்ந்து வரும் சிலாஸ்டாடினுக்குச் சிறுநீரகத்தைக் காக்கும் தன்மை உண்டு. சிறுநீரகம்தான் உங்கள் பொருள் என்றால் வேறு மருந்தைத் தேர்ந்தெடுங்கள். தொடங்கும் நேரம் அறுவை முடிந்த அந்த நிமிடமாக இருக்கக் கூடாது. சில மணி நேரம் கழித்து, நோய் பிடித்த பிறகு தொடங்கினால்தான் மனித நிலைமைக்கு நெருங்கும். திரவத்தையும் ஒரே முறையோடு நிறுத்த வேண்டாம். 25 கிராம் சுண்டெலிக்கு 1 மி.லி. என்பது கிலோவுக்கு 40 மி.லி.; அது தீர்ந்த பிறகும் விலங்கு குடிக்காமல்தான் கிடக்கும்.

கே: சி.எல்.பி. சுண்டெலிகள் சாகக் கிடக்கின்றன, ஆனால் சீரம் கிரியேட்டினின் ஏறவே இல்லை. சிறுநீரகம் பாதிக்கப்படவில்லை என்று எழுதலாமா?

ப: எழுதாதீர்கள். கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு. முதலில் அதை எந்த முறையில் அளந்தீர்கள் என்று பாருங்கள். நிறமாற்றத்தை வைத்து அளக்கும் யாஃபே முறை சுண்டெலி ரத்தத்தில் கிரியேட்டினின் அல்லாத பொருள்களோடும் வினைபுரியும். இயல்பு அளவு மிகக் குறைவு என்பதால் அந்தப் போலி நிறமே முடிவை மூடிவிடும். நொதி முறையோ திரவ நிறப்பிரிகை முறையோ வேண்டும். சரியாக அளந்தாலும் இன்னொரு பொறி காத்திருக்கிறது. செப்சிஸில் உடல் கிரியேட்டினினை உற்பத்தி செய்வதே குறைகிறது; 2009-இல் சுண்டெலிகளில் இதைக் காட்டியிருக்கிறார்கள். உற்பத்தி குறைந்தால், வடிகட்டுதல் நின்றாலும் அளவு மெதுவாகத்தான் ஏறும்.

யூரியாவை மட்டும் நம்பவும் முடியாது. சாப்பிடாததாலும் நீர் வற்றியதாலும் அது மாறும். என்-கால் என்ற சிறுநீரகக் காயக் குறிப்பான் அழற்சியில் கல்லீரலிலிருந்தும் வந்து கொட்டும். ரத்தத்தில் அது ஏறியதை வைத்துச் சிறுநீரகம் கெட்டது என்று தீர்ப்பு எழுதுவது தவறு. முடிந்தால் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் ஒளிரும் சினிஸ்ட்ரினைச் செலுத்தித் தோல் மேல் ஒட்டும் சென்சாரால் வடிகட்டும் வேகத்தையே அளந்துவிடுங்கள். திசுவில், குழல்களின் காயத்தைக் காட்டும் கிம்-1 என்ற புரதத்தைப் பாருங்கள்.

திசு வெட்டில் பெரும் நாசத்தை எதிர்பார்த்து ஏமாறுபவர்கள் பலர். செப்சிஸ் சிறுநீரகத்தில் செத்த குழல்கள் குறைவு. குமிழிகள் தோன்றுவது, குழல் செல்களின் தூரிகை போன்ற உள்விளிம்பு உதிர்வது என்று மெல்லிய மாற்றங்களே அதிகம். செயல் நின்றுபோயிருக்கும், செல் உயிரோடுதான் இருக்கும். ரத்தம் போகாததால்தான் சிறுநீரகம் நிற்கிறது என்ற பழைய விளக்கமும் எல்லா நிலைக்கும் பொருந்தாது. 2006-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் செம்மறி ஆடுகளுக்கு ஈ. கோலையைத் தொடர்ந்து செலுத்தியபோது, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் கூடியது, வடிகட்டுதலோ சரிந்தது. இதைச் சுண்டெலியில் கண்டுபிடிப்பது கடினம். ஆட்டின் ரத்தக் குழாயில் நாள்கணக்கில் அளவுக்கருவியை வைக்க முடியும் என்பதால் கிடைத்த விடை இது. ஆனால் ஆட்டுக்கும் பன்றிக்கும் நுரையீரல் ரத்தக் குழாய்களுக்குள்ளேயே விழுங்கு செல்கள் தங்கியிருக்கின்றன. எண்டோடாக்சின் பட்டவுடன் அவற்றின் நுரையீரல் அழுத்தம் எகிறும். அதை மனிதருக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

கே: நுரையீரல் வெட்டில் சுவர் தடித்திருந்தால் நுரையீரல் காயம் என்று சொல்லலாமா?

ப: அது மட்டும் போதாது. நுரையீரலை ஊதாமல் ஃபார்மலினில் போட்டால் நலமான நுரையீரலின் சுவரும் தடித்தே தெரியும். எல்லா விலங்கிலும் ஒரே அழுத்தத்தில், 20 முதல் 25 செ.மீ. நீரழுத்தத்தில் நிரப்பிப் பதப்படுத்துங்கள். அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் 2011-இல் நான்கு வகைச் சான்றுகளை வகுத்தது: திசுக் காயம், காற்றறைச் சுவரின் கசிவு, அழற்சி, மூச்சுச் செயல் குறைவு. இவற்றில் குறைந்தது மூன்று வேண்டும் என்றது அது. கசிவுக்கு நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் புரதம், அழற்சிக்கு நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, செயலுக்கு ரத்த ஆக்ஸிஜன். வெட்டைப் பார்ப்பவருக்கு அது எந்தக் குழு என்று தெரியக் கூடாது. 400 மடங்கில் குறைந்தது 20 இடங்களைத் தற்செயலாகத் தேர்ந்து மதிப்பிட வேண்டும். இன்னொன்று: சி.எல்.பி.யில் நுரையீரல் காயம் பெரும்பாலும் லேசானது. நுரையீரலே உங்கள் பொருள் என்றால் நிமோனியா முறைக்குப் போய்விடுங்கள்.

கே: சுண்டெலியும் மனிதனும் அழற்சியில் ஒத்துப்போவதில்லை என்று ஓர் ஆய்வு சொன்னதாகப் படித்தேன். பிறகும் ஏன் இத்தனை உயிர்களைக் கொல்ல வேண்டும்?

ப: நீங்கள் படித்தது 2013-இல் வந்தது. தீக்காயம், விபத்துக் காயம், எண்டோடாக்சின் ஆகியவற்றில் மனிதரின் மரபணுக்கள் இயங்கும் விதத்துக்கும் சுண்டெலியில் அவை இயங்கும் விதத்துக்கும் ஒப்புமை மிகக் குறைவு என்றது அது. அடுத்த ஆண்டே வேறு இருவர் அதே தரவை எடுத்து, இரண்டு உயிரினங்களிலும் மாறிய மரபணுக்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டு, ஒப்புமை நன்றாகவே இருக்கிறது என்றார்கள். எந்த மரபணுக்களைக் கணக்கில் சேர்ப்பது என்பதில்தான் வேறுபாடு. எங்கள் பார்வையில், சுண்டெலி பொருந்துமா என்று மொத்தமாகக் கேட்பதைவிட, எந்தக் கேள்விக்கு எந்தச் சுண்டெலி என்று கேட்பதே பயன் தரும்.

ஏனென்றால் வழக்கமாகப் பயன்படுத்துவது 8 முதல் 12 வாரமான, ஒரே மரபுடைய, கிருமி படாமல் வளர்ந்த ஆண் சுண்டெலி. நோயாளியோ பெரும்பாலும் முதியவர்; சர்க்கரை நோயோ இதய நோயோ கூட இருக்கும். கடைகளில் விற்கும் சுண்டெலிகளோடு ஒரே கூண்டில் வளர்ந்த ஆய்வுச் சுண்டெலியின் எதிர்ப்பாற்றல் வளர்ந்த மனிதருடையதை ஒத்திருக்கிறது, சுத்த அறையில் வளர்ந்ததன் எதிர்ப்பாற்றல் பச்சிளம் குழந்தையுடையதை ஒத்திருக்கிறது என்று 2016-இல் காட்டினார்கள். அறையின் வெப்பமும் சேதி சொல்லும். சுண்டெலிக்கு இதமான வெப்பம் சுமார் 30 டிகிரி. நாம் வைத்திருப்பது 20 முதல் 24. மனிதருக்குக் காய்ச்சல் அடிக்கும் இடத்தில் அது குளிர்ந்துபோகிறது. வயதான விலங்கு, இரு பாலும், கூட ஒரு நோய் என்று மாற்றத் தொடங்கினால் மாதிரி நெருங்கி வரும்.

மரபு வழியையும் சரிபாருங்கள். 129 வகைச் சுண்டெலிகளுக்கு இயல்பாகவே கேஸ்பேஸ்-11 என்ற நொதி வேலை செய்யாது. அந்த வகையில் உருவாக்கிய கேஸ்பேஸ்-1 இல்லாத சுண்டெலிகள் எல்.பி.எஸ்.ஸைத் தாங்கியபோது, பெருமை முழுவதும் கேஸ்பேஸ்-1க்குப் போயிற்று. தாங்கவைத்தது கேஸ்பேஸ்-11 இல்லாததே என்ற உண்மை 2011-இல்தான் வெளிவந்தது. கூடப் பிறந்த குட்டிகளையே ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கே: எங்கள் நெறிக்குழு சாவையே அளவீடாக வைக்க அனுமதிக்கவில்லை. பிழைப்பு விகிதத்தை எப்படிக் காட்டுவது? ஒரு குழுவுக்கு 10 போதுமா?

ப: குழு செய்தது சரி. இறக்கப்போவதை முன்கூட்டியே அறிய வழி இருக்கிறது. 2014-இல் வந்த சுண்டெலி செப்சிஸ் மதிப்பெண் முறையில் ரோமத்தின் தோற்றம், உணர்வு நிலை, நடமாட்டம், தூண்டலுக்குப் பதில், கண்கள், மூச்சின் வேகம், மூச்சின் தன்மை ஆகிய ஏழுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். இதோடு உடல் வெப்பத்தையும் சேருங்கள். தோலுக்கடியில் வைக்கும் சிப் இருந்தால் விலங்கைப் பிடித்து அலைக்கழிக்க வேண்டியதில்லை. எந்த மதிப்பெண்ணில், எந்த வெப்பத்தில் கருணைக்கொலை என்பதை உங்கள் கூடத்திலேயே சிறு முன்னோட்டம் நடத்தி நிர்ணயித்து, பிறகு அதை மாற்றாமல் கடைப்பிடியுங்கள். முதல் 48 மணி நேரம் இரவிலும் 6 மணிக்கு ஒருமுறையாவது பார்க்க ஆள் வேண்டும். மதிப்பெண் இடுபவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக் கூடாது. கருணைக்கொலை செய்ததை இறப்பாகவே எண்ணி, கட்டுரையில் அப்படியே சொல்லிவிடுங்கள்.

ரத்தம் எடுப்பதிலும் கை அடங்க வேண்டும். 25 கிராம் சுண்டெலியின் மொத்த ரத்தமே 2 மி.லி.யைத் தாண்டாது; ஒரு தடவைக்கு அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. 6 மணி நேரத்தில் வாலிலிருந்து 20 மைக்ரோலிட்டர் எடுத்து ஐ.எல்.-6 என்ற அழற்சிப் புரதத்தைப் பார்த்தால், எது பிழைக்கும், எது பிழைக்காது என்பதை ஓரளவு பிரித்துவிடலாம். இப்படிச் செய்தால் ஒவ்வொரு நேரப் புள்ளிக்கும் தனித்தனி விலங்குகளைக் கொல்ல வேண்டியதில்லை.

10 போதாது. இறப்பு 60 சதவீதத்திலிருந்து 30 ஆகக் குறைகிறது என்று வையுங்கள். இது பெரிய வேறுபாடு. அதை 80 சதவீத உறுதியோடு கண்டுபிடிக்க ஒரு குழுவுக்குச் சுமார் 40 விலங்கு வேண்டும். 10 மட்டும் வைத்தால், மருந்து உண்மையிலேயே பலித்தாலும் அது தெரியவரும் வாய்ப்பு பத்தில் மூன்றுதான். அத்தனை விலங்கு கிடைக்காது என்றால் பிழைப்பை முதன்மை அளவீடாக எடுக்காதீர்கள். 24 மணி நேரத்தில் வடிகட்டும் வேகம், உடல் வெப்பம், ரத்த லாக்டேட் போன்ற தொடர் அளவுகளில் ஒன்றை முதன்மையாக வைத்தால் குறைந்த எண்ணிக்கையிலேயே தெளிவான விடை கிடைக்கும். நெறிக்குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் இந்தக் கணக்கையும், எந்த வேறுபாட்டை எதிர்பார்த்து அதைப் போட்டீர்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.